மணலெழுத்தும் சந்தைக் கணக்கும்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். புக்கிங் கிளார்க்காகச் சன்னலுக்குப் பின்னே அமர்ந்து சீட்டுக் கொடுப்பவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். "சன்னலில் கண்டதை எழுதுங்கள், போதும்" என்றார் அவர். ஆகவே சன்னலில் கண்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் முற்பகல், தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் பதினான்கு பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார். எல்லோரும் நம் காலனிப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நோட்டு. பங்காருப்பேட்டைக்கு ஒவ்வொருவரும் தாமே கேட்டு, தாமே பணம் கொடுத்து, தாமே மீதியை எண்ணி வாங்க வேண்டும் என்பது அன்றைய பாடம். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "ஏனம்மா, மொத்தமாகப் பதினான்கு அரைச்சீட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்ததே!" என்று சலித்துக்கொண்டார். ஆசிரியை அவரிடம் மன்னிப்புக் கேட்டாரே ஒழிய, முறையை மாற்றவில்லை.

சன்னல் எட்டாத பிள்ளைகளுக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டேன். ஒன்பதாவதாக வந்த சிறுமி மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு ரூபாய் குறையுது" என்றாள். நானும் எண்ணினேன், குறைவுதான். தவறு என்னுடையது. இருபது ஆண்டு அனுபவமுள்ள கிளார்க்கை எட்டு வயதுக் குழந்தை திருத்தியதைக் கண்டு வரிசையே சிரித்தது; சலித்துக்கொண்ட பெரியவரும் சிரித்தார். அடுத்து வந்த சிறுவன் வேறொரு வினா தொடுத்தான். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டா, ஐந்து நிறைந்து பன்னிரண்டு நிறையாதவருக்கு அரைச்சீட்டு என்று நான் விளக்கியதும், "அப்படியானால் நாளைக்கு ஐந்து வயது நிறையும் என் தங்கைக்கு இன்று போய் நாளை திரும்பினால் எப்படி?" என்றான். விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்க்கலானேன்.

அன்றிரவு என் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள். ஒன்று நிரப்பும், ஒன்று வெறுமையாக்கும். தொட்டி எப்போது நிரம்பும்? இக்கணக்கை எங்களுக்குப் பிரம்படியோடு கற்பித்தார்கள். நாங்களோ விடியற்காலையில் காலனிக் குழாயடியில் குடத்தோடு நின்றுவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள். எத்தனை குடம் நிரம்பினால் எங்கள் முறை வரும், தண்ணீர் நிற்பதற்குள் வருமா என்று விரலில் கணக்கிடத் தெரிந்த எங்களுக்கு, புத்தகத்துத் தொட்டி மட்டும் விளங்கவே இல்லை. குழாயடிக் கணக்கும் பள்ளிக் கணக்கும் ஒன்றே என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

வாழ்க்கையில் உள்ளபடியே உள்ள ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியாகப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் இம்முறை எங்கே பிறந்தது, யார் யார் கையில் வளர்ந்தது என்று அறிய விரும்பிக் கிடைத்த நூல்களைப் படித்தேன். மேனாட்டிலிருந்து வந்த சரக்கு என்றே முதலில் எண்ணினேன். அதன் ஒரு வேர் தமிழ்நாட்டுத் திண்ணையிலும், ஒரு கிளை நம் கோலார் மாவட்டத்திலும் இருக்கக் கண்டு வியந்தேன்.

பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் கேட்டிருப்பதெல்லாம் பிரம்பும் கோதண்டமும்தாம். அவை உண்மையே. எனினும் அங்கே கற்பித்த கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியில் அவன் மனப்பாடம் செய்த கீழ்வாயிலக்கம் களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் அன்றாடம் புழங்கியது: இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. நெல்லைப் படியாலும் மரக்காலாலும் அளக்கும் கணக்கும், நிலத்தின் பரப்பைக் குழியில் காணும் கணக்கும் அவனுக்கு உண்டு. கடிதம் வாசிக்கவும், கைச்சாத்து எழுதவும், கடன் சீட்டைப் புரிந்துகொள்ளவும் பழக்கினார்கள். பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை மறுநாளே மண்டிக்கடையில் கணக்கெழுத உட்கார முடிந்தது. ஊரார் ஆசிரியருக்கு நெல் அளந்ததும் இப்பயனைக் கருதியே.

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். 1826-இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. பயின்ற பிள்ளைகள் 1,88,650. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று ஆகிறது. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் என்பவர், செலவில்லாமல் எழுத்துப் பயிற்றுவதையும், மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிப்பதையும் புகழ்ந்து எழுதினார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தக்கதே என்றும் குறிப்பிட்டார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை சுவையானது. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதியை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. அங்கிருந்த ஆசிரியர்களோடு அவர் படாத பாடு பட்டார். ஒருநாள் குதிரைமேல் செல்லுகையில், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். (அக்காலத்து வெள்ளையர் தமிழரையே மலபார் என்று அழைத்தார்கள்; அவர்களுடைய பூகோள அறிவு அவ்வளவே.) உடனே தம் விடுதியிலும் மணல் பரப்பச் சொன்னார். ஆசிரியர் மறுக்கவே, ஜான் ஃப்ரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, நீயே மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றார்கள். சட்டாம்பிள்ளையும் மணலும் எழும்பூரில் இவ்வாறு ஆங்கில உடை அணிந்தன.

பெல் 1796-இல் தாயகம் திரும்பி, 1797-இல் இதனை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. பெல் 1832-இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவரது பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. ஆயினும் அங்கே போனது பாதிதான் என்பது என் கருத்து. மணலும் சட்டாம்பிள்ளையும் செலவைக் குறைத்தமையால் கப்பலேறின. நெல்லளவும் நிலவளவும் கடன் சீட்டும் இங்கேயே நின்றுவிட்டன. பெரியதொரு கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிக்கும் தொழிற்சாலையாக அம்முறை மாறியது. பிறகு நம் நாட்டுக்கும் அந்த ஒப்பித்தலே பள்ளிக்கூடம் என்று திரும்பி வந்தது.

இங்கே நான் ஒன்றை மறைக்கலாகாது. திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பேசுகிற நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் அத்திண்ணையில் ஏறியவர்கள் அல்லர். வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் இத்தங்கவயலுக்கு வந்தவர்களுள் மிகப் பலர், ஊர்த் திண்ணை தங்களுக்கு மூடப்பட்ட குலங்களில் பிறந்தவர்கள். பெண் குழந்தைகளுக்கோ எக்குலத்திலும் அது அரிது. மன்றோவின் கணக்கில் வரும் ஒரு இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்தில் நம் பாட்டனாரின் பாட்டனார் இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி, 1894-இல் மாரிக்குப்பம் வரை ரயில் பாதை அமைந்தபோது, தட்டி வீடுகளில் குடியேறிய அம்மக்கள் முதன்முதலாகக் கூலியைக் காசாகக் கண்டார்கள். அக்காசை எண்ணத் தெரியாமல் ஏமாந்ததும் உண்டு. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய என் பாட்டனார், தம் கூலியில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதைக் கடைசிவரை அறிந்தாரில்லை.

அதே 1894-இல் கர்னல் ஆல்காட், சென்னை அடையாற்றில், ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பண்டிதர் அயோத்திதாசர் போன்றோரின் தொடர்பு அவருக்கு இருந்தது. (பண்டிதரின் பௌத்த இயக்கம் பின்னாளில் நம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியதைப் பெரியவர்கள் அறிவார்கள்.) அடையாற்றைத் தொடர்ந்து சென்னையில் அத்தகைய பள்ளிகள் வேறு சிலவும் எழுந்தன. ஏட்டை மட்டும் நம்பாமல், பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறையை அங்கே கையாண்டார்கள். அதைப்பற்றிக் கோர்ட்ரைட் அம்மையார் 1906-இல் சிறு நூல் ஒன்றும் வெளியிட்டார். அக்காலத்துப் பெரிய பள்ளிகளிலும் காணாத புதுமை, ஏழையரின் பள்ளியில் இருந்தது.

ஆனால் அப்பள்ளிகளின் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. எழுத்து, கணக்கு, சமையல், தையல் இவை தெரிந்தால் இப்பிள்ளைகள் நல்ல வேலையாட்களாகப் பிழைத்துக்கொள்வார்கள் என்பது நடத்தியோரின் எண்ணம். அவர்களுடைய இரக்கத்தை நான் குறை கூறவில்லை. எனினும் வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி என்று சொல்லும்போது, எவருடைய வாழ்க்கை, யார் வகுத்த வாழ்க்கை என்ற வினா அங்கேயே எழுந்துவிட்டது. அவ்வினா பின்னால் பெரும் புயலாக அடித்தது, அதற்கு வருகிறேன்.

மேனாட்டில் ஃப்ரோபெல் 1837-இல் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களால் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஜான் டூயி 1896-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். அவற்றின் வழியே வேதியியலும் வரலாறும் கற்றார்கள். ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பில் 1907-இல் குழந்தைகள் இல்லம் திறந்த மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்தார்; போரின் காரணமாக இந்நாட்டிலேயே தங்க நேர்ந்து, சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். மலையில் பிள்ளைகள் செடியும் பூச்சியும் தேடித் திரிந்ததே அங்குப் பாடமாயிற்று.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வி இவையெல்லாவற்றினும் துணிவானது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து அதைச் சுற்றியே எல்லாப் பாடங்களையும் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அவர் கூறினார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு பாடத்திட்டம் வகுத்தது. அக்குழுவில் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இருந்தார். சேவாகிராமத்தில் அப்பள்ளியை நடத்திய ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவரும் அவர்தம் துணைவியார் ஆஷாதேவியும் அதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார்கள். தக்ளியில் நூற்ற நூல் எத்தனை கெஜம், ஒரு மணியில் எவ்வளவு, பஞ்சின் எடை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, விற்றால் என்ன விலை, இவையே கணக்கு. பருத்தி எம்மண்ணில் விளையும் என்பது பூகோளம். மான்செஸ்டர் துணி எப்படி வந்தது என்பது வரலாறு. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியருகே 1947-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமமும், பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் அவர்கள் வளர்த்த இராமகிருஷ்ண வித்தியாலயமும் இவ்வழியில் பேர் பெற்றவை.

நல்ல ஆசிரியர் இருந்த இடத்தில் ஆதாரக் கல்வி மணம் வீசியது. மற்ற இடங்களில் தக்ளி ஒரு மூலையில் தொங்கியது. மேலதிகாரி வரும் நாளில் மட்டும் சுழன்றது. நூலுக்கும் கணக்குக்கும் முடிச்சுப் போட வேண்டியவர் ஆசிரியர். அவருக்கு அந்த முடிச்சைப் போடக் கற்றுத் தருவார் இல்லை. வசதி உள்ளவர்கள் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். தக்ளிப் பள்ளி ஏழைப் பள்ளி என்றாயிற்று.

இப்போது அந்தப் புயலைச் சொல்லவேண்டும். 1953-இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாறுதலைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரமே பள்ளி. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். இருக்கிற பள்ளியிலும் இருக்கிற ஆசிரியரைக் கொண்டும் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு. அக்கணக்கில் நேர்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பொருள் பற்றாக்குறை மெய்யானதே. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும், காங்கிரசிலேயே பலரும் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்கவும், சக்கிலியர் மகன் செருப்புத் தைக்கவும் கற்றால், வக்கீல் மகன் மாலையில் என்ன கற்பான் என்று கேட்டார்கள். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

நம் ஊர் மைசூர் இராச்சியத்தில் இருந்தமையால் அத்திட்டம் இங்கே நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் என் தந்தையார் அதைப்பற்றிச் சிறுவயதில் கேட்டிருக்கிறார். குழிக்குள் இறங்குகிறவன் வீட்டில் பிள்ளை எதைக் கற்பான் என்று வரிசை வீடுகளின் வாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்களாம். சுரங்கத்தில் வேலை செய்தவர் எவரும் தம் மகனுக்குப் பாறை துளைக்கக் கற்பிக்க விரும்பவில்லை. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை வெடித்தால் திரும்பி வருவோமா என்று தெரியாமல் இறங்கியவர்கள் அவர்கள். ஆயினும் வேறு வழி இல்லாமையால் மகனும் இறங்கினான், பேரனும் இறங்கினான். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை உழைத்த இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அன்று எனக்கு வயது இருபத்து மூன்று. தந்தையின் தொழிலையே நம்பியிருந்த என் நண்பர்கள் பலர் மறுநாள் கையில் எதுவுமின்றி நின்றார்கள். தொழில் மண்ணுக்குள் போய்விட்டது. சயனைடு மண்மேடுகள் மட்டும் நின்றன. இன்று விடியுமுன்னே பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் சீட்டுகளில் அந்த நாளின் கணக்கு இருக்கிறது.

ஆகவே பள்ளிக்கூடத்தில் வாழ்க்கைப் பாடம் என்றால் எனக்கு இரண்டு நினைவுகள் ஒருங்கே எழுகின்றன. பிள்ளையை அவன் வீட்டுத் தொழிலோடு கட்டிவைக்கும் பாடம் ஒன்று. தான் காணும் உலகத்தைக் கொண்டு, காணாத உலகத்துக்கு அவனை ஏற்றிவிடும் பாடம் மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் பிள்ளை கையால் வேலை செய்வான். அந்த ஆசிரியை பதினான்கு பிள்ளைகளைச் சீட்டு வாங்க அழைத்து வந்தது, அவர்களைப் புக்கிங் கிளார்க் ஆக்குவதற்கன்று.

இந்த இரண்டாம் வகைப் பாடம் நம் மாவட்டத்திலேயே ஒரு குடிசைப் பள்ளியில் நடந்தது. டேவிட் ஹார்ஸ்பரோ என்னும் ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் இந்தியாவுக்கு வந்தவர். இந்நாட்டை விட்டுப் போக மனமின்றி, மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலிப் பள்ளியிலும் பிற இடங்களிலும் ஆசிரியராக இருந்தார். 1972-இல் சீனிவாசபுரம் தாலுகா இராயல்பாட்டின் அருகே 'நீல் பாக்' என்ற பெயரில், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, தண்டனை இல்லை, ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற சுவரும் இல்லை. சிறியவரும் பெரியவரும் ஓர் அறையில் அவரவர் வேகத்தில் கற்றார்கள். மொழியும் கணக்கும் கற்ற கையாலேயே மரவேலையும் தையலும் மண்பாண்டமும் தோட்டமும் கற்றார்கள். பிள்ளைகள் தாமே பார்த்து, அளந்து, வரைந்து அறியும்படி அவர் எழுதிய சூழ்நிலைப் பாடநூல்களை நாடெங்கும் பல பள்ளிகள் பயன்படுத்தின. அங்கே வந்து தங்கி ஆசிரியர்களும் பயிற்சி பெற்றார்கள். அவர் 1984-இல் மறைந்தார். அதன் பின் அப்பள்ளி நெடுங்காலம் நீடிக்கவில்லை.

நீல் பாக் பள்ளி நடந்த காலத்தில் இங்கே தங்கவயலில் ஆயிரமாயிரம் தமிழ்ப் பிள்ளைகள் பெஞ்சில் அமர்ந்து வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாவட்டம், நடுவில் சில மணி நேரப் பஸ் பயணம். அதைப்பற்றி நாங்கள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

ஆனால் அந்த விதை வேறு வழியாக முளைத்தது. நீல் பாக்கில் பயின்ற அனுபவத்தோடு ரிஷி வேலிக்குச் சென்ற பத்மநாப ராவ், ராமா தம்பதியர், 1980-களில் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை அமைத்தார்கள். பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தி, பிள்ளை தானே அடுத்த அட்டையை எடுத்துக் கற்கும்படி செய்தார்கள். கிராமத்துக் கதைகளையும் பாடல்களையும் தாய்மார்களிடமிருந்து சேகரித்துப் பாடமாக்கினார்கள். அவர்கள் நடத்திய 'மெட்ரிக் மேளா' என்னைப் போன்ற கணக்கு ஆளுக்கு மிகவும் பிடித்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் சந்தை போடுவார்கள். தராசு, லிட்டர் அளவு, நீளம் அளக்கும் நாடா எல்லாம் அவர்கள் கையில். காய்கறி நிறுத்து விற்பார்கள். வந்தவரின் உயரத்தையும் எடையையும் அளந்து எழுதித் தருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், தன் மகன் நிறுத்துக் கொடுத்ததை வாங்கி, காசு கொடுத்து, மீதி எண்ணிக்கொள்வாள். பிள்ளை கற்றது என்ன என்பதை அறிய அவளுக்கு மதிப்பெண் பட்டியல் வேண்டியதில்லை.

1995-இல் மைசூர் மாவட்டம் எச். டி. கோட்டே தாலுகாவிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ரிஷி வேலிக்குச் சென்று பார்த்துத் திரும்பி, யூனிசெஃப் உதவியோடு தம் பள்ளிகளில் 'நலி கலி' என்னும் முறையைத் தொடங்கினார்கள். ஆடிப்பாடிக் கற்றல் என்று கன்னடத்தில் அதற்குப் பொருள். பின்னர் அது கர்நாடக அரசுப் பள்ளிகளின் கீழ்வகுப்புகள் எங்கும் பரவிற்று. சென்னையில் 2003-இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்திலும், 2007-08-இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் வந்தது. பெஞ்சுகள் போயின, பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். சுவரின் அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை தீட்டப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓரிடம். எழும்பூரில் பெல் கண்ட மணல், இருநூறாண்டுக்குப் பின் அதே நகரத்தில் சுவருக்கு ஏறியதாக எனக்குத் தோன்றியது.

புகழ்ந்துகொண்டே போவதும் நியாயம் அன்று. அட்டைகள் கிழிந்தபோது புதியவை உரிய காலத்தில் வந்து சேராத பள்ளிகள் உண்டு. ஐம்பது பிள்ளைகள் ஐம்பது படியில் நிற்க, ஓர் ஆசிரியர் யாரைப் பார்ப்பார்? அட்டையைப் பார்த்து அட்டையை நிரப்புவதே பாடமாகி, தராசும் சந்தையும் மறைந்துபோன இடங்களும் உண்டு. தக்ளிக்கு நேர்ந்ததே அட்டைக்கும் நேர்ந்தது. தமிழ்நாட்டில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தின்கீழ் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடமுறை மீண்டும் திருத்தி அமைக்கப்பட்டுள்ளது.

நம் காலனியில் நிலைமையை நீங்கள் அறிவீர்கள். தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகள் அருகிவிட்டார்கள். வாயைக் கட்டிச் சீட்டுக் கட்டியேனும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறோம். என் மகளையும் அப்படியே அனுப்பினேன். அதற்காக என்னை நான் நொந்துகொள்ளவில்லை. அவள் இரண்டாம் வகுப்பில் பதினாறு வகைப் பழங்களின் ஆங்கிலப் பெயரை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சந்தையில் தராசைக் காட்டி, அரைக் கிலோ என்றால் எத்தனை கிராம் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் காய்கறி வாங்கும் பொறுப்பு அவளுடையது. முதல் மாதம் பதினெட்டு ரூபாய் நட்டம். இரண்டாம் மாதம் கடைக்காரரிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டாள். வாங்கிய கணக்கைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்பது என் நிபந்தனை. 'கத்தரிக்காய்' என்பதற்கு வல்லின றகரம் போட்டு எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சென்ற வாரம் அந்த ஆசிரியை மறுபடியும் சன்னலுக்கு வந்தார். இம்முறை பிள்ளைகள் இல்லை. நிலையத்தில் சாமான் நிறுக்கும் எடைமேடை ஒன்று இருக்கிறதே, பிள்ளைகள் தம் புத்தகப் பைகளைத் தாமே அதில் நிறுத்துப் பார்க்க இயலுமா என்று கேட்டார். நிலைய அதிகாரியிடம் கேட்டேன். கூட்டம் குறைந்த பிற்பகலில் வரச் சொல்லுங்கள் என்று ஒப்புக்கொண்டார். வரும் புதன்கிழமை மூன்று மணிக்குப் பதினான்கு பைகளும் வருகின்றன. பலகையை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.